கேரி கைகாக்ஸ்: பகடையையும் கதையையும் ஒரே மேசையில் சேர்த்தவரின் வாழ்க்கைப் பாதை

லேக் ஜெனீவா (அமெரிக்கா): உலகெங்கும் கோடிக்கணக்கானோர் ஆடிவரும் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' விளையாட்டை டேவ் ஆர்னெசனுடன் இணைந்து உருவாக்கியவர் கேரி கைகாக்ஸ். அவர் 2008-ஆம் ஆண்டு மார்ச் 4-ஆம் தேதி, அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் உள்ள லேக் ஜெனீவா நகரில், தமது இல்லத்தில் காலமானார். அப்போது அவருக்கு வயது 69.

மரணச் செய்தி வெளியான அன்றே பல நாடுகளில் ரசிகர்கள் துயரத்தை வெளிப்படுத்தத் தொடங்கினர். அவர்களில் பெரும்பாலோர் அவரை நேரில் கண்டவர்கள் அல்லர். ஆயினும் தங்கள் பள்ளி நாட்களையும், அந்நாட்களின் நட்பையும், ஒரு மேசையைச் சுற்றி விடிய விடிய அமர்ந்திருந்த இரவுகளையும் அவருக்குக் கடன்பட்டவர்களாகக் கருதினர். பலர் பழைய நண்பர்களைத் திரட்டி, நீண்ட காலமாகத் தொடாத பகடைகளை எடுத்து, அவர் நினைவாக ஓர் ஆட்டம் ஆடினர்.

தாம் தொடங்கிய நிறுவனத்திலிருந்தே வெளியேற்றப்பட்டவர் கைகாக்ஸ். தமது படைப்பின் பெயரைப் பயன்படுத்தும் உரிமையையும் இழந்தவர். அந்தப் படைப்பு யாருடையது என்ற வழக்கையும் எதிர்கொண்டவர். இத்தனைக்கும் பிறகு அவர் மறைந்தபோது எழுந்த துயரம், ஒரு விளையாட்டு எந்த அளவுக்கு மனிதர்களைப் பிணைக்க முடியும் என்பதைக் காட்டியது.

வெற்றியும் தோல்வியும் இல்லாத ஆட்டம்

சதுரங்கத்திலோ தாயத்திலோ ஒருவர் வெல்வார், மற்றவர் தோற்பார். காய்கள் நகரும் கட்டங்கள் முன்பே வரையப்பட்டிருக்கும். கைகாக்ஸ் பரப்பிய விளையாட்டில் இவை இரண்டும் இல்லை. நான்கைந்து பேர் மேசையைச் சுற்றி அமர்வர். ஒவ்வொருவரும் வீரன், மந்திரவாதி, மதகுரு, திருடன் என ஒரு கற்பனைப் பாத்திரத்தை ஏற்பர். அப்பாத்திரத்தின் வலிமை, அறிவு, சுறுசுறுப்பு ஆகியவை பகடை உருட்டி எண்களாகக் குறிக்கப்படும்.

ஒருவர் மட்டும் பாத்திரம் ஏற்காமல் நடுவராக இருப்பார். அவருக்கு டன்ஜன் மாஸ்டர் என்று பெயர். பாழடைந்த கோட்டையின் அடியில் உள்ள நிலவறை ஒன்றை அவர் தாளில் வரைந்து மறைத்து வைத்திருப்பார். ஆட்டக்காரர்கள் அதனுள் நடக்க நடக்க, கண்முன் தெரிவதை அவர் சொல்லால் விவரிப்பார். என்ன செய்யப் போகிறார்கள் என்பதை ஆட்டக்காரர்களே தீர்மானிக்க வேண்டும்.

எடுத்துக்காட்டாக, வழியில் ஒரு பள்ளம் குறுக்கிடுகிறது என்று வைத்துக்கொள்ளலாம். அதைத் தாண்டிக் குதிக்கலாம், கயிறு கட்டிக் கடக்கலாம், மரப்பலகை தேடலாம், அல்லது திரும்பிப் போகலாம். எந்த முடிவுக்கும் தடை இல்லை. முயற்சி பலிக்குமா என்பது ஐயமாக இருக்கும் இடத்தில் மட்டும் பகடை உருளும். போரில் பெரும்பாலும் உருட்டப்படுவது 20 முகங்கள் கொண்ட பகடை. பாத்திரம் இறக்காதவரை கதை அடுத்த வாரமும் தொடரும். சில குழுக்களில் ஒரே கதை பல ஆண்டுகள் நீண்டது. அனுபவம் சேரச் சேரப் பாத்திரத்தின் நிலை உயரும். இன்றைய கணினி விளையாட்டுகளில் வழக்கமாகிவிட்ட நிலை உயர்வு, அனுபவப் புள்ளி, உயிர்ப் புள்ளி ஆகியவை இந்த மேசை ஆட்டத்தின் வழியாகவே பரவலாயின.

சிகாகோவில் பிறப்பு

எர்னஸ்ட் கேரி கைகாக்ஸ் 1938-ஆம் ஆண்டு ஜூலை 27-ஆம் தேதி சிகாகோ நகரில் பிறந்தார். தந்தை சுவிட்சர்லாந்திலிருந்து குடியேறியவர். வயலின் இசைக்கலைஞராக இருந்தவர். 1946-ஆம் ஆண்டு குடும்பம் தாயாரின் சொந்த ஊரான லேக் ஜெனீவாவுக்குக் குடிபெயர்ந்தது. ஏரிக்கரையில் அமைந்த அந்தச் சிற்றூரே கைகாக்ஸின் வாழ்வின் மையமாயிற்று.

தந்தை கூறிய மந்திரவாதிகளின் கதைகளும், மலிவுத்தாள் இதழ்களில் வெளிவந்த வீரசாகசக் கதைகளும் சிறுவனின் கற்பனையை வளர்த்தன. ராபர்ட் ஹோவர்டு படைத்த கோனான் கதைகளை அவர் விரும்பிப் படித்தார். ஊரில் கைவிடப்பட்டுக் கிடந்த பழைய மருத்துவ இல்லம் ஒன்றின் இருண்ட அறைகளில் நண்பர்களுடன் நுழைந்து திரிந்ததும் உண்டு. சீட்டாட்டமும் சதுரங்கமும் சிறு வயதிலேயே பழகியவை.

படிப்பில் அவர் மனம் செல்லவில்லை. பதின்பருவத்தில் தந்தையை இழந்த அவர், உயர்நிலைப் பள்ளியை முடிக்காமலேயே நின்றார். கடற்படைக் காலாட்படையில் சேர்ந்தபோதும் உடல்நலக் குறைவால் விரைவில் திரும்ப நேர்ந்தது. 1958-ஆம் ஆண்டு திருமணம் செய்துகொண்டார். ஐந்து குழந்தைகள் பிறந்தனர். குடும்பத்தைக் காக்க, சிகாகோவில் ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் வேலை பார்த்தார். யாருக்கு எவ்வளவு ஆபத்து நேரக்கூடும் என்பதை எண்ணால் மதிப்பிடுவதே அவரது பணி. பிற்காலத்தில் அவர் எழுதிய விதிநூல்களில் அட்டவணைகள் பக்கம் பக்கமாக நிறைந்திருப்பதைக் காண்போருக்கு இத்தொழில் நினைவுக்கு வரக்கூடும்.

போர் விளையாட்டு மீது பற்று

இந்தியாவில் தோன்றிய சதுரங்கம் பல நாடுகளின் வழியே ஐரோப்பாவை அடைந்தது. அதன் தொடர்ச்சியாக, படைகளின் நகர்வைப் பலகையில் ஆடிக் காட்டும் போர் விளையாட்டுகள் அங்கு உருவாயின. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரஷ்ய ராணுவம் இத்தகைய ஆட்டத்தை அதிகாரிகளின் பயிற்சிக்குப் பயன்படுத்தியது. 20-ஆம் நூற்றாண்டில் அது பொழுதுபோக்காகப் பரவியது.

1958-ஆம் ஆண்டின் இறுதியில், அமெரிக்க உள்நாட்டுப் போரின் கெட்டிஸ்பர்க் சண்டையை மையமாகக் கொண்ட பலகை விளையாட்டு ஒன்றைக் கைகாக்ஸ் வாங்கினார். அன்று பற்றிய ஆர்வம் பிறகு அவரை விடவே இல்லை. வீட்டின் அடித்தளத்தில் மணல் நிரப்பிய பெரிய மேசை ஒன்றை அமைத்து, சிறு பொம்மை வீரர்களை நிறுத்தி, நண்பர்களுடன் வார இறுதிகளில் போர் ஆடினார்.

தனித்தனியே சிதறிக் கிடந்த ஆர்வலர்களை ஒன்றுசேர்க்க அவர் விரும்பினார். 1967-ஆம் ஆண்டு தமது வீட்டிலேயே சுமார் 20 பேரைக் கூட்டினார். மறு ஆண்டு, 50 டாலர் வாடகைக்கு ஊரின் தோட்டக்கலை மண்டபத்தை எடுத்து ஒரு மாநாடு நடத்தினார். ஏறத்தாழ நூறு பேர் வந்தனர். ஜென் கான் என்று பெயர் பெற்ற அந்தக் கூட்டமே, பின்னாளில் இண்டியானாபொலிஸ் நகரில் ஆண்டுதோறும் பல்லாயிரம் பேர் திரளும் பெருவிழாவாக வளர்ந்தது.

1969-ஆம் ஆண்டு நடந்த இரண்டாவது மாநாட்டில்தான் மினசோட்டா மாநிலத்திலிருந்து வந்த டேவ் ஆர்னெசன் என்ற இளைஞரைக் கைகாக்ஸ் சந்தித்தார். பாய்மரக் கப்பல் போர்களில் இருவருக்கும் ஆர்வம் இருந்தது. அதற்கான விதிகளை அஞ்சல் வழியே சேர்ந்து எழுதத் தொடங்கினர்.

வேலையிழப்பும் காலணித் தொழிலும்

1970-ஆம் ஆண்டு கைகாக்ஸ் காப்பீட்டு வேலையை இழந்தார். ஐந்து குழந்தைகளுடன் இருந்த குடும்பத்துக்கு அது கடினமான காலம். வீட்டின் அடித்தளத்தில் காலணிகளைப் பழுதுபார்க்கும் தொழிலில் இறங்கினார். அதில் வருமானம் குறைவு; ஆனால் விளையாட்டு விதிகளை எழுத நேரம் கிடைத்தது.

1971-ஆம் ஆண்டு ஜெஃப் பெரனுடன் இணைந்து எழுதிய 'செயின்மெயில்' வெளியானது. இடைக்காலப் போர்களுக்கான விதிநூல் அது. அதன் பிற்பகுதியில் மந்திரவாதிகள், டிராகன்கள், பூதங்கள் ஆகியவற்றைப் போர்க்களத்தில் இறக்குவதற்கான விதிகளும் சேர்க்கப்பட்டிருந்தன. வரலாற்றுப் போர்களையே ஆடிவந்தவர்களில் சிலருக்கு அது சிறுபிள்ளைத்தனமாகத் தோன்றியது. ஆனால் அந்தப் பகுதியே நூலை விற்றது.

மினசோட்டாவில் ஆர்னெசன் செய்தது என்ன

அதே காலத்தில் மினியாபொலிஸ், செயின்ட் பால் இரட்டை நகரங்களில் வேறொரு மாற்றம் நிகழ்ந்துகொண்டிருந்தது. டேவிட் வெஸ்லி என்பவர், படைகளுக்குப் பதிலாக ஒரு நகரின் மேயர், மாணவர், அதிகாரி எனத் தனிமனிதர்களை ஆட்டக்காரர்களுக்கு அளித்து ஒரு புது ஆட்டம் நடத்தினார். அதில் பங்கேற்ற ஆர்னெசன் அந்தக் கருத்தை மேலும் வளர்த்தார். 'பிளாக்மூர்' என்ற கற்பனை நாட்டையும், அங்குள்ள கோட்டையின் அடியில் பல அடுக்கு நிலவறைகளையும் படைத்தார். ஒவ்வொருவருக்கும் ஒரு பாத்திரம் தந்து, ஆட்டம் முடிந்தாலும் பாத்திரம் தொடர வழி செய்தார். ஒரே அடியில் வீரன் மடிந்துவிடாதிருக்க, கப்பல் போர் விதிகளிலிருந்து சேதப் புள்ளிகள் என்ற கருத்தையும் எடுத்துக்கொண்டார்.

1972-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் ஆர்னெசன் லேக் ஜெனீவாவுக்கு வந்து, கைகாக்ஸுக்கும் நண்பர்களுக்கும் இந்த ஆட்டத்தை ஆடிக் காட்டினார். கைகாக்ஸ் அதன் ஆற்றலை அப்போதே உணர்ந்தார். ஆர்னெசனிடம் இருந்த குறிப்புகளைக் கேட்டுப் பெற்று, தட்டச்சு இயந்திரத்தின் முன் அமர்ந்தார். முதல் வரைவு சுமார் 50 பக்கங்களில் அமைந்தது; பிறகு அது பல மடங்கு விரிந்தது.

'கிரேஹாக்' என்ற தமது சொந்தக் கோட்டையையும் அவர் உருவாக்கினார். அதன் நிலவறையில் முதன்முதலில் இறங்கியவர்கள் அவருடைய பிள்ளைகள் இருவர். அவர்கள் அங்கே செம்பு நாணயங்கள் நிறைந்த ஒரு பெட்டியைக் கண்டெடுத்தனர். ஆனால் அதைத் தூக்க முடியாத அளவுக்குக் கனமாக இருந்தது. பிள்ளைகள் உறங்கச் சென்றபின் தந்தை நிலவறையின் அடுத்த அடுக்கை வரைய அமர்ந்தார். அக்கம்பக்கத்து நண்பர்களும் ஆட்டத்தில் சேர, விதிகள் வாரந்தோறும் சோதிக்கப்பட்டுத் திருத்தப்பட்டன.

விளையாட்டுக்குப் பெயர் வைக்கவும் குடும்பமே உதவியது. பல சொற்களை இரு பட்டியல்களாக எழுதிப் படித்துக் காட்டியபோது, இந்த இணையைத் தம் இளைய மகள் விரும்பியதாகக் கைகாக்ஸ் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார். நிலவறைகளும் டிராகன்களும் என்பதே அப்பெயரின் பொருள்.

ஆயிரம் பெட்டிகள்

பலகையும் இல்லாமல், வெல்பவரும் இல்லாமல் ஒரு விளையாட்டா என்ற ஐயம் பதிப்பாளர்களுக்கு இருந்தது. ஆகவே சொந்தமாக வெளியிடக் கைகாக்ஸ் முடிவு செய்தார். 1973-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம், சிறுவயது நண்பர் டான் கேயுடன் சேர்ந்து டாக்டிகல் ஸ்டடீஸ் ரூல்ஸ் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். டான் கே தமது ஆயுள் காப்பீட்டுப் பத்திரத்தின் பேரில் கடன் வாங்கி முதலீடு செய்தார். அச்சிடத் தேவையான மீதிப் பணத்துடன் பிரையன் ப்ளூம் என்பவர் சில வாரங்களில் பங்குதாரராகச் சேர்ந்தார். சுருக்கமாக டிஎஸ்ஆர் என்று அழைக்கப்பட்ட நிறுவனம் இதுவே.

1974-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் முதல் பதிப்பு வெளிவந்தது. மூன்று சிறு கையேடுகள். மரநிறத் தாள் ஒட்டிய ஓர் அட்டைப்பெட்டி. விலை 10 டாலர். மொத்தம் ஆயிரம் பிரதிகள். பெட்டிகள் வீட்டிலேயே கையால் அடுக்கப்பட்டன. நான்கு, எட்டு, பன்னிரண்டு, இருபது முகங்கள் கொண்ட பகடைகள் அப்போது கடைகளில் எளிதில் கிடைக்கவில்லை. பள்ளிகளுக்கான கல்விக் கருவி விற்பனைப் பட்டியலிலிருந்து அவை வரவழைக்கப்பட்டன. ஓராண்டுக்குள் ஆயிரம் பெட்டிகளும் விற்றுத் தீர்ந்தன. நூலை நகலெடுத்துக் கைமாற்றி ஆடியவர்களின் எண்ணிக்கை அதைவிட அதிகம்.

மகிழ்ச்சி நீடிக்கவில்லை. 1975 ஜனவரி மாத இறுதியில் டான் கே மாரடைப்பால் திடீரென இறந்தார். அவரது பங்கை வாங்கக் கைகாக்ஸிடம் பணம் இல்லை. நிறுவனத்தைத் தொடர்ந்து நடத்த ப்ளூம் குடும்பத்தின் முதலீடு தேவைப்பட்டது. காலப்போக்கில் பெரும்பான்மைப் பங்குகள் அக்குடும்பத்திடம் சென்றன. பத்தாண்டு கழித்து நேர்ந்த வீழ்ச்சிக்கு இங்கேயே விதை விழுந்தது.

நூல்களும் புகழும்

நிறுவனம் விரைவாக வளர்ந்தது. விதிகளை முழுமையாகத் திருத்தி, 'மான்ஸ்டர் மேனுவல்' (1977), 'பிளேயர்ஸ் ஹேண்ட்புக்' (1978), 'டன்ஜன் மாஸ்டர்ஸ் கைடு' (1979) என்ற மூன்று தடித்த நூல்களைக் கைகாக்ஸ் எழுதினார். அகராதியைத் தேடவைக்கும் பழஞ்சொற்கள் நிறைந்த அவரது நடையைப் பதின்பருவ வாசகர்கள் விரும்பிப் படித்தனர்.

அவருடைய அரக்கர் பட்டியல் பல ஊற்றுகளிலிருந்து திரட்டப்பட்டது. கிரேக்கத் தொன்மங்கள், ஐரோப்பிய நாட்டார் கதைகள் ஆகியவற்றுடன், இந்தியப் புராணங்களின் ராட்சசர்களும் 'மான்ஸ்டர் மேனுவல்' நூலில் இடம்பெற்றனர். மலிவுக் கடையில் வாங்கிய, ஹாங்காங்கில் செய்யப்பட்ட பிளாஸ்டிக் பொம்மைகளைப் பார்த்தும் சில விலங்குகள் பிறந்தன. ஒருமுறை பயன்படுத்திய மந்திரம் மந்திரவாதியின் நினைவிலிருந்து மறைந்துவிடும் என்ற விதி, எழுத்தாளர் ஜாக் வான்ஸின் கதைகளிலிருந்து வந்தது. டோல்கீனின் நாவல்களிலிருந்து எடுத்த ஹாபிட் முதலிய சில பெயர்கள், உரிமையாளர்கள் ஆட்சேபித்ததால் மாற்றப்பட்டன.

1982-ஆம் ஆண்டு நிறுவனத்தின் ஆண்டு விற்பனை 2 கோடி டாலரைத் தாண்டியது. காலணி தைத்துக்கொண்டிருந்தவர் செல்வந்தரானார்.

யார் படைப்பாளி?

புகழுடன் பிணக்கும் வந்தது. டிஎஸ்ஆர் நிறுவனத்தில் சேர்ந்திருந்த ஆர்னெசன் 1976-ஆம் ஆண்டு விலகினார். புதிய நூல்கள் கைகாக்ஸின் பெயரில் மட்டும் வந்தன. அவற்றுக்கான உரிமத்தொகை ஆர்னெசனுக்குத் தரப்படவில்லை. 1979-ஆம் ஆண்டு அவர் வழக்குத் தொடுத்தார். 1981-ஆம் ஆண்டு சமரசம் ஏற்பட்டு, இருவரும் இணைப்படைப்பாளிகள் என்று ஏற்கப்பட்டது.

கருத்து பெரிதா, அதை நூலாக்கி உலகுக்குக் கொண்டுசென்ற உழைப்பு பெரிதா என்று ரசிகர்கள் இன்றும் வாதிடுகின்றனர். ஆர்னெசனின் பிளாக்மூர் இல்லாமல் இந்த விளையாட்டு தோன்றியிருக்காது. கைகாக்ஸ் அதை விதிகளாக்கி அச்சேற்றாமல் இருந்திருந்தால், மினசோட்டாவின் ஒரு நண்பர் குழுவுடன் அது முடிந்துபோயிருக்கக் கூடும். பலர் சேர்ந்து கதை சொல்லும் ஆட்டம் ஒன்று, ஒரே மனிதரின் கையிலிருந்து பிறக்கவில்லை என்பதே வரலாறு காட்டும் உண்மை.

பழியும் அச்சமும்

1979-ஆம் ஆண்டு மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஒரு மாணவர் காணாமற்போனார். வளாகத்தின் அடியில் உள்ள நீராவிச் சுரங்கங்களில் இந்த விளையாட்டை ஆடச் சென்று மறைந்திருக்கலாம் என்று செய்தித்தாள்கள் எழுதின. உண்மையில் அவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தவர். பின்னர் உயிருடன் கண்டுபிடிக்கப்பட்டார். மறு ஆண்டு தம் உயிரை மாய்த்துக்கொண்டார். ஆட்டத்துக்கும் அவரது துயரத்துக்கும் தொடர்பில்லை என்பது பின்னர் தெளிவானது. ஆனால் அதற்குள் பழி நிலைத்துவிட்டது.

1980-களில் இந்த விளையாட்டு பேய் வழிபாட்டைக் கற்பிக்கிறது, பிள்ளைகளைத் தற்கொலைக்குத் தூண்டுகிறது என்ற குற்றச்சாட்டுகள் அமெரிக்காவெங்கும் எழுந்தன. மகனை இழந்த தாய் ஒருவர் இதற்கு எதிராக ஓர் அமைப்பையே தொடங்கினார். 1985-ஆம் ஆண்டு நாடறிந்த தொலைக்காட்சி நிகழ்ச்சியான '60 மினிட்ஸ்' இதைப் பற்றி ஒரு பகுதியை ஒளிபரப்பியது. கைகாக்ஸ் அதில் தோன்றித் தம் தரப்பை விளக்கினார். அவர் கிறிஸ்தவ நம்பிக்கை உடையவர் என்பது பலருக்குத் தெரியாது. விளையாட்டே மரணங்களுக்குக் காரணம் என்பதைப் பிற்கால ஆய்வுகள் எவையும் நிறுவவில்லை.

இந்தப் பரபரப்பு விற்பனையைக் குறைக்கவில்லை, மாறாகக் கூட்டியது. எனினும் தனித்து ஒதுங்கியிருந்த பிள்ளைகள் நண்பர்களைக் கண்டடைந்த இடம் சந்தேகத்துக்குரிய இடமாகப் பல வீடுகளில் பார்க்கப்பட்டது. தங்கள் நூல்களைப் பெற்றோர் குப்பையில் எறிந்ததை நினைவில் வைத்திருந்த தலைமுறைதான் 2008-இல் அவருக்காகத் துயருற்றது.

நிறுவனத்திலிருந்து வெளியேற்றம்

1980-களின் தொடக்கத்தில், விளையாட்டைத் திரைக்குக் கொண்டுசெல்லும் பணிக்காகக் கைகாக்ஸ் கலிபோர்னியாவில் தங்கினார். அதன் பயனாக 1983-ஆம் ஆண்டு முதல் சிபிஎஸ் தொலைக்காட்சியில் ஒரு கார்ட்டூன் தொடர் ஒளிபரப்பானது. அதே காலத்தில் அவரது முதல் திருமணமும் முறிந்தது.

லேக் ஜெனீவாவில் நிறுவனத்தின் நிலை மோசமாகியிருந்தது. அளவுக்கு மீறிய செலவுகளால் கடன் பெருகியிருந்தது. திரும்பி வந்த கைகாக்ஸ் புதிய நூல்களை எழுதி நிதிநிலையைச் சீராக்க முயன்றார். நிர்வாகத்தைக் கவனிக்க லோரெய்ன் வில்லியம்ஸ் என்பவரை நிறுவனத்துக்குள் கொண்டுவந்ததும் அவரே. ஆனால் 1985-ஆம் ஆண்டு ப்ளூம் சகோதரர்கள் தங்கள் பங்குகளை அந்த வில்லியம்ஸிடமே விற்றனர். பெரும்பான்மை அவர் கைக்குச் சென்றது. தலைவர் பொறுப்பிலிருந்து கைகாக்ஸ் நீக்கப்பட்டார். நீதிமன்றத்தில் அவர் தொடுத்த வழக்கும் தோற்றது. மறு ஆண்டின் இறுதிக்குள் அவர் நிறுவனத்துடன் இருந்த உறவை முழுமையாக முறித்துக்கொண்டார்.

கிரேஹாக் நாடும், அதில் வாழ்ந்த பெரும்பாலான பாத்திரங்களும் இப்போது நிறுவனத்தின் சொத்து. தம் பிள்ளைகளுக்காக வரைந்த கோட்டையைப் பற்றி அவர் எழுதவேண்டுமானால் பிறரின் இசைவு தேவை என்ற நிலை உருவாயிற்று. 1992-ஆம் ஆண்டு 'டேஞ்சரஸ் ஜர்னீஸ்' என்ற புதிய விளையாட்டை வெளியிட்டபோது, டிஎஸ்ஆர் அவர்மீது வழக்குத் தொடுத்தது. இறுதியில் சமரசம் ஏற்பட்டு, அந்த விளையாட்டின் உரிமையையும் டிஎஸ்ஆர் நிறுவனமே வாங்கிக்கொண்டது. விளையாட்டு சந்தையிலிருந்து மறைந்தது.

திண்ணையில் தொடர்ந்த ஆட்டம்

1997-ஆம் ஆண்டு, கடனில் மூழ்கிய டிஎஸ்ஆர் நிறுவனத்தை விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் வாங்கியது. புதிய உரிமையாளர்கள் கைகாக்ஸுடன் இருந்த பழைய பிணக்கைத் தீர்த்து, அவரை மதிப்புடன் நடத்தினர். 2000-ஆம் ஆண்டு 'ஃபியூச்சுராமா' என்ற கேலிச்சித்திரத் தொடரில், இயற்பியலாளர் ஸ்டீபன் ஹாக்கிங், அப்போதைய அமெரிக்கத் துணை அதிபர் அல் கோர் ஆகியோருடன் அவரும் தம் பாத்திரத்துக்குத் தாமே குரல் கொடுத்தார். பழிக்கு ஆளான விளையாட்டு, நாடு அன்புடன் நினைக்கும் ஒன்றாக மாறியிருந்ததற்கு அது ஓர் அடையாளம்.

2004-ஆம் ஆண்டு பக்கவாதத் தாக்குதல்களுக்கு உள்ளானார். நாளெல்லாம் எழுதியவர் எழுத்தைக் குறைத்துக்கொள்ள நேர்ந்தது. வயிற்றுப் பெருந்தமனி வீங்கியிருப்பதும், அறுவை சிகிச்சை இயலாது என்பதும் தெரியவந்தன. ஆயினும் வாரந்தோறும் தம் வீட்டுத் திண்ணையில் ஆட்டம் நடத்துவதை இறுதி மாதங்கள் வரை அவர் விடவில்லை. ரசிகர்கள் பல மாநிலங்களிலிருந்து தேடி வந்து அவருடன் ஆடிச் சென்றனர். இணையத்தில் முகமறியாதவர்கள் கேட்ட விதிச் சந்தேகங்களுக்கும் பொறுமையுடன் விடையளித்து வந்தார்.

ரசிகர்களின் துயரம்

அவர் மறைந்ததும் அமெரிக்காவின் முன்னணி நாளிதழ்கள் விரிவான இரங்கல் கட்டுரைகளை வெளியிட்டன. இளமையில் இந்த விளையாட்டை ஆடிய நகைச்சுவைக் கலைஞர் ஸ்டீபன் கோல்பேர், மறுநாள் தமது தொலைக்காட்சி நிகழ்ச்சியின் இறுதிப் பகுதியை அவருக்கு அர்ப்பணித்தார். இணையச் சித்திரக்கதைகள் பல அவரைப் போற்றி வெளிவந்தன. பல லட்சம் பேர் ஆடிவந்த 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' கணினி விளையாட்டின் அம்மாதப் புதுப்பிப்பு அவர் நினைவுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. அவ்வாண்டின் ஜென் கான் விழாவும் அவ்வாறே.

ரசிகர்கள் இரங்கலையும் விளையாட்டின் மொழியிலேயே எழுதினர். இந்த ஆட்டத்தில் நஞ்சு, மந்திரம் போன்ற பேராபத்தில் சிக்கிய பாத்திரத்துக்குக் கடைசி வாய்ப்பாக ஒரு பகடை உருட்டல் உண்டு. தங்கள் ஆசான் அந்த உருட்டலில் தவறிவிட்டார் என்று எண்ணற்றோர் எழுதினர். வெளியாருக்கு அது கேலியாகத் தோன்றியிருக்கலாம். ஆடியவர்களுக்கோ, பல முறை மேசையில் தங்கள் பாத்திரங்களை இழந்து துயருற்றபோது பழகிய சொற்கள் அவை. உண்மையான இழப்பு வந்தபோது கைக்கு எட்டியவையும் அவையே.

இறுதி நிகழ்ச்சிக்காக லேக் ஜெனீவாவுக்கு வந்த நண்பர்களும் ரசிகர்களும் உடனே கலைந்து செல்லவில்லை. ஊரில் உள்ள அமெரிக்கன் லீஜன் மண்டபத்தில் கூடி, பகடைகளை எடுத்து ஆடத் தொடங்கினர். திட்டமிடாமல் நிகழ்ந்த அந்தக் கூடுகை மறு ஆண்டு முதல் கேரி கான் என்ற பெயரில் ஆண்டு விழாவாகத் தொடர்கிறது.

மறைவுக்குப் பின்

2009 ஏப்ரல் 7-ஆம் தேதி டேவ் ஆர்னெசனும் காலமானார். ஓராண்டு இடைவெளியில் இருவரையும் இழந்த ரசிகர்கள், வாழ்நாளில் பிரிந்து நின்ற இரு பெயர்களையும் சேர்த்தே நினைவுகூரலாயினர்.

விளையாட்டின் வளர்ச்சியோ நிற்கவில்லை. 2016-ஆம் ஆண்டு வெளியான 'ஸ்டிரேஞ்சர் திங்ஸ்' தொடர், 1980-களில் வீட்டு அடித்தளத்தில் இந்த ஆட்டத்தை ஆடும் சிறுவர்களை நாயகர்களாகக் காட்டி, புதிய தலைமுறையை இதன்பால் ஈர்த்தது. ஆட்டங்களை இணையத்தில் நேரலையாக ஒளிபரப்பும் வழக்கமும் பரவியது. 2023-ஆம் ஆண்டு இதை அடிப்படையாகக் கொண்ட திரைப்படம் ஒன்று வெளிவந்தது. ஒரு மண்டபத்தில் நூறு பேருடன் தொடங்கிய ஜென் கான் விழாவுக்கு அதே ஆண்டில் 70,000-க்கும் மேற்பட்டோர் வருகை தந்தனர்.

விளையாட்டின் 50-ஆவது ஆண்டை முன்னிட்டு அமெரிக்க அஞ்சல் துறை 2024-ஆம் ஆண்டு சிறப்பு அஞ்சல் தலைகளை வெளியிட்டது. ஒருகாலத்தில் பிள்ளைகளைக் கெடுப்பதாகக் குற்றம் சாட்டப்பட்ட விளையாட்டுக்கு அரசின் அஞ்சல் துறையே அளித்த இந்தச் சிறப்பைக் காண, அதை உருவாக்கிய இருவரும் உயிருடன் இல்லை என்பது குறிப்பிடத்தக்கது.